ஏக்கருக்கு 7000 ரூபாயும் ஒரு தடியடியும்

நெல்லை விட்டு மக்காச்சோளமோ பருத்தியோ பருப்போ பயிரிடும் உழவருக்கு ஏக்கருக்கு 7000 ரூபாய் தருவதாக 2020இல் அரியானா அரசு அறிவித்தது. 'மேரா பானி மேரி விராசத்' என்று திட்டத்துக்குப் பெயர். என் நீர், என் மரபுரிமை என்று பொருள். நிலத்தடி நீர் 40 மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்ட வட்டாரங்களே முதற்குறி. இதைப் பிச்சை என்று பழிப்போர் ஒரு சாரார். பணம் தந்தும் நெல்லை விடாத உழவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவோர் இன்னொரு சாரார். இருவரோடும் நமக்கு வழக்கு உண்டு.

கம்பும் கொண்டைக்கடலையும் விளைந்த நிலம் அது. அதை மருதமாக்கியது உழவர் மட்டுமல்லர். 1965இல் இந்திய உணவுக் கழகத்தை நிறுவி, கோதுமையையும் நெல்லையும் அறிவித்த விலைக்கு வாங்கி, ஆழ்துளைக் கிணறுகளுக்கு மலிவு மின்சாரமும் தந்தது அரசு. நாடு பசியாறியது, மழை பொய்த்த ஆண்டுகளிலும் கிணறுகள் இறைத்தன. ஊருக்காக இறைத்த நீருக்கு ஊர் ஈடு தருவதைப் பிச்சை என்பது நன்றிகொன்ற பேச்சு.

பேராசை என்பாருக்கு 2023ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு சூரியகாந்திக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6400 ரூபாய். அரியானா அரசோ அவ்விலைக்கு வாங்காமல், வெளியே விற்றுக்கொள்ளுங்கள், 1000 ரூபாய் ஈடு தருகிறோம் என்றது. வணிகர் கேட்டதோ 4000 ரூபாய் அளவில். ஜூன் 6ஆம் நாள் குருசேத்திர மாவட்டத்து ஷாகாபாதில் நெடுஞ்சாலையை மறித்த உழவர்மேல் தடியடி நடந்தது. போராட்டம் நீண்ட பிறகே அரசு இறங்கிவந்தது. சூரியகாந்தி நெல்லின் பருவத்துப் பயிரன்று என்பதை அறிவோம். ஆயினும் நெல்லும் கோதுமையும் அல்லாத ஒன்றை நம்பினால் என்ன நேரும் என்பதை அவ்வட்டாரமே கண்ணால் கண்டது. அதன்பின் நெல்லை விடாதவன் பேராசைக்காரனா, கணக்கறிந்தவனா?

ஆகவே அந்த ஈட்டுத்தொகையை நிறுத்துக என்று நாம் சொல்லவில்லை. அது பயிர் மாறும் ஆண்டின் இழப்பை ஈடுசெய்யும். அடுத்த ஆண்டும் மக்காச்சோளம் விதைக்கச் செய்வது மண்டியில் காத்திருக்கும் அரசுத் தராசு மட்டுமே. நெல்லுக்கு உள்ள கொள்முதல் உறுதியை மாற்றுப் பயிர்களுக்கும் விதைப்புக்கு முன்பே எழுத்தில் தரட்டும். அதைத் தராத அரசுக்கு உழவனிடம் நீர்ச்சிக்கனம் போதிக்க உரிமையில்லை என்றே கருதுகிறோம்.