வயதைப் பார்க்காதே, புகையைப் பார்!



பழைய டிராக்டர் வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை மணி ஓடியிருக்கு?" என்றுதான். எந்த வருஷத்து வண்டி என்பது அடுத்த கேள்வி. உழவுக்கு ஓடி, மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு ஆண்டுக்கணக்கு பொருந்தாது. நமக்குத் தெரிந்த இந்தச் சங்கதி தில்லிக்குத் தெரியவில்லை.

2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தில்லியிலும் தலைநகர் வட்டாரத்திலும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்றது. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வட்டாரம் என்றால் நகரம் மட்டுமல்ல. அரியானாவின் சோனிபட், ஜஜ்ஜார், உத்தரப்பிரதேசத்தின் பாக்பத், முசாபர்நகர் என்று கோதுமையும் கரும்பும் விளைகிற மாவட்டங்களும் அதற்குள்தான். நகரத்துக் காருக்கு ஓங்கிய கத்தி கரும்புக்காட்டு டிராக்டர் மீதும் விழுந்தது. கடனைக் கட்டி முடித்து மூச்சு விடும்போது வண்டிக்கு ஆயுள் முடிந்தது என்றால் அந்த விவசாயி எங்கே போவான்?

2025 ஜூலை 1 முதல் தில்லி பங்குகளில் பழைய வண்டிக்கு எண்ணெய் கிடையாது என்றார்கள். கார்க்காரர்கள் சத்தம் போட்டார்கள், சில நாளில் நிறுத்தினார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அதையே திருத்தி, பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. புகை விதியையும் பார்த்தார்களே, அது வரைக்கும் சரி. ஆனால் டிராக்டருக்குப் புகை விதி தனி வரிசை. காரின் அளவுகோல் அதற்கு ஒத்து வராது.

தில்லிக் குழந்தையின் மூச்சும் உயிர்தான். புகை கக்கும் வண்டியை நிறுத்தட்டும், நாம் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் அங்கே ஓடக் கூடாத காரை என்.ஓ.சி. வாங்கி வெளி மாநிலத்தில் ஓட்டலாமாம்! மற்றவன் நுரையீரல் என்ன தகரமா?

வடக்கே நடப்பது நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் மாநிலத்தில் சொந்த வண்டிக்கு வயதுத் தடை இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில், 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது மத்திய அரசு. தடை போடாமலே வண்டியை விற்க வைக்கிற வழி இது.

புகையை அளந்து முடிவு செய், டிராக்டருக்கு ஓடிய மணியைக் கணக்கில் எடு, சோதனை நிலையத்தைத் தாலுகாவிலேயே வை என்று கேட்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். எத்தனை வண்டி பத்து வருஷம் தாண்டியது என்று ஊர்வாரியாக எழுதி, மனுவோடு கலெக்டர் ஆபீசில் கொடுப்போம்.