கொழுந்து எடுத்தவருக்கு ஐந்து செண்ட்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த அந்த அரைப்பக்க விளம்பரம் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது. சின்னக்கானலில் வில்லா விற்பனை. எதிரே தேயிலைச் சரிவு, கீழே ஆனையிறங்கல் அணை. நீங்கள் வந்து தங்காத நாட்களில் வாடகை தானாக வருமாம். சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். "நீங்க அந்தப் பக்கத்து ஆளுதானே, வாங்கலாமா? லோன் தவணையை வாடகையே கட்டிடும்கிறாங்க."

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். சின்னக்கானல் இருக்கும் இடுக்கி மலையில் பெரும்பாலான தனியார் நிலம் அரசு பதிந்து கொடுத்தது. 1964ஆம் ஆண்டு விதிகளின்படி கொடுத்த பட்டயம் என்றால், அது விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும்தான். ஓய்வு விடுதி கட்ட அல்ல. இப்படிக் கட்டியவற்றை வரைமுறைப்படுத்தத்தான் 2023இல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஏலமலைக் காப்புக்காட்டுக்குள் வரும் நிலம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. மூணாறு வட்டாரத்தில் கட்டட அனுமதிக்கு வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். 'ஹோம்ஸ்டே' என்று சுற்றுலாத் துறையின் தரச்சான்று வாங்கவோ, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு வாங்க முடியாது. ஆகவே பட்டயத்தின் நகலைக் கையில் வாங்கி, கிராம அலுவலகத்தில் காட்டிக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள் என்றேன்.

விளம்பரத்தின் கடைசியில் இருந்த ஒரு வரிதான் எனக்கு ஆறவில்லை: 'வீட்டைப் பராமரிக்க உள்ளூர்த் தம்பதி உண்டு.'

யார் அந்தத் தம்பதி என்று எனக்குத் தெரியும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, சூரியநெல்லிப் பக்கம் போனால் அப்படிப் பலரைப் பார்க்கலாம். முப்பது, நாற்பது வருடம் கொழுந்து எடுத்து, வயதாகி வேலையிலிருந்து நின்றவர்கள். வேலை நின்றதும், தோட்ட நிர்வாகம் தந்த வரிசை வீடான லயத்தின் மீதான உரிமையும் போய்விடுகிறது. மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பெயர் பதிந்திருந்தால் அவர்களோடு ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான்.

லயத்தைப் பற்றி நான் எழுதுவது இது முதல் முறை அல்ல என்பதைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ'யை, இரா. முருகவேள் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு' நாவலை, இந்தப் பத்தியில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இன்னும் சொல்வேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய மனிதர் எழுதியது அது. காய்ச்சலையும் கங்காணியின் கடன் கணக்கையும் நேரில் பார்த்தவரின் எழுத்து. 1969இல் ஆங்கிலத்தில் வந்த அந்த நாவலின் கதை வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நடக்கிறது. துரைமார் போய்விட்டார்கள். அடிதடியும் போனது, கூலி, மருத்துவம், பள்ளிக்கூடம் எல்லாம் மாறின. வேலை உள்ளவரைதான் வீடு என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது நல்ல விஷயம்தான். ஆனால் அது வேலை செய்பவருக்கான வீடு. வேலை முடிந்தவர் எங்கே போவார் என்று சட்டம் கேட்கவே இல்லை.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு வட்டாரத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது எழுபது பேர் போனார்கள். பலருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு என்று செய்தி வந்தது. தலைமுறைகளாக மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அன்றும் 'சொந்த ஊர்' கீழேதான் இருந்தது. மேலே ஒரு செண்ட்கூட அவர்கள் பெயரில் இல்லை.

சூரியநெல்லியில் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு விடுதியில் அறை கூட்டித் துடைக்கிறார். "எங்க அம்மாச்சி கொழுந்தெடுத்த மலை தம்பி இது. தேவாரத்துல சொந்தக்காரங்க இருக்காங்க. அங்க போனா மலைக்காரின்னு சொல்றாங்க, இங்க பாண்டிக்காரின்னு சொல்றாங்க. எனக்கு ஒரு அஞ்சு செண்ட் போதும்" என்றார். அவர் அப்போது துடைத்துக்கொண்டிருந்த அறையின் ஒரு நாள் வாடகை, தோட்டத்தில் அவர் வாங்கிய தினக்கூலியைப் போல் பல மடங்கு.

நிலம் கொடுப்பதென்றால் கண்ட இடத்தில் கொடுக்கக் கூடாது. இதே சின்னக்கானலில் 2002–03 வாக்கில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்தது, யானைகள் காலங்காலமாக நடமாடும் இடத்தில். வனத்துறை அதிகாரி எச்சரித்தும் கேட்கவில்லை. உயிர்கள் போயின, பெரும்பாலான குடும்பங்கள் விட்டுவிட்டுப் போய்விட்டன. கடைசியில் 2023 ஏப்ரல் 29ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றினார்கள். தவறான இடத்தில் மனை அளந்ததற்கு மனிதரும் யானையும் சேர்ந்து அனுபவித்தார்கள்.

எனவே நான் கேட்பது இதுதான். பட்டய விதியை மீறி எழும்பிய விடுதிகளை வரைமுறைப்படுத்த அரசு வாங்கும் கட்டணம் பொதுக் கணக்கில் கரையக் கூடாது. யானை வழியும் மண்சரிவும் இல்லாத இடமாகப் பார்த்து, தேவிகுளம், உடும்பன்சோலை தாலுகாக்களில் வேலை முடித்த தோட்டத் தொழிலாளர்களுக்கு மனை வாங்க அது போக வேண்டும். தலைக்கு ஐந்து செண்ட். பட்டயம் கொழுந்து எடுத்த பெண்ணின் பெயரில் இருக்கட்டும். கீழே இறங்கிவிட முடிவு செய்பவர்களுக்குப் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் மனை ஒதுக்க வேண்டியது தமிழ்நாட்டு அரசின் பொறுப்பு.