ஜெயிலுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் ஷெரீப்பின் நிர்வாகத்திலுள்ள கௌண்டி ஜெயில்களில் அடைபட்டிருப்போரில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளிகளென்று தீர்ப்புப் பெறாதவர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமையே அவர்களில் பலரை உள்ளே வைத்திருக்கிறது. சில வாரங்களில் வெளியேறுவோருக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு. தீர்ப்புக்கு முன்னரே ஒருவனைப் பூட்டி, அவன் பிழைப்பையும் கெடுக்கும் சர்க்கார், அவனுக்கு ஓர் உபாத்தியாயரை அளிப்பது தர்மமன்று, கடனென்றே நாம் சொல்லுவோம். ஸான்பிரான்ஸிஸ்கோ ஷெரீப் இலாகா 2003-ம் வருஷத்தில் தன் ஜெயிலுக்குள் 'பைவ் கீஸ்' என்னும் ஹைஸ்கூலை ஏற்படுத்திற்று. விடுதலையானவர் வெளியிலும் அதே படிப்பைத் தொடரலாம். இதுவே அதன் விசேஷம். பாதியில் அறுந்த பாடத்தால் யாருக்கு என்ன லாபம்? சிறைக் கல்வி பெற்றோர் மறுபடி குற்றத்தில் வீழும் சாத்தியம் 43 சதவீதம் குறைவென்று ராண்ட் ஸ்தாபனம் 2013-ல் கண்டது. பணமில்லையென்று கைவிரிக்கும் கௌண்டிகள், அதே மனிதனை மறுபடியும் பூட்டிவைக்க ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.