எண்ணெய்த் தலையும் சாம்பல் நிற சோபாவும்

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே எங்கள் புளோக்கின் இரும்புக் கதவுகளில் துண்டுப் பிரசுரங்கள் முளைக்க ஆரம்பித்துவிடும். ஏர்கான் கழுவ ஒன்று, திரைச்சீலைக்கு ஒன்று, சோபாவுக்கு மூன்று. 'மூன்று இருக்கை சோபா, 69 வெள்ளி, ஒரே மணி நேரத்தில் புதுசு போல' என்கிறது சென்ற வாரம் வந்தது. ஒரு மணி நேரத்தில் கழுவிவிடலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் அந்தத் தாளில் எங்கேயும் காணோம்.

நம் ஊரில் துணி சோபா வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் இங்கே 80 விழுக்காட்டுக்கும் மேல். அக்டோபர், நவம்பரில் மத்தியானம் ஆனால் இடியும் மழையும். சட்டை நனைந்தால் கழியில் மாட்டிக் காயவைக்கலாம். சோபாவை எங்கே மாட்டுவது? மேல்துணி தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

சோபா கழுவ வருபவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். சவர்க்காரம் கலந்த வெந்நீரை இயந்திரத்தால் துணிக்குள் பீய்ச்சி, உடனே அழுக்கோடு உறிஞ்சி எடுக்கிறார்கள். பீய்ச்சுவது சுலபம். உறிஞ்சுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. நல்ல வேலைக்காரர் ஒருமுறை தண்ணீர் விட்டால், தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று முறை உறிஞ்சுவார். அவசரக்காரர் கைத்தொலைபேசியில் அடுத்த வீட்டு முகவரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

யீஷூனில் இருக்கும் என் தோழி வீட்டில் போன ஆண்டு அதுதான் நடந்தது. அவளுடைய நான்கு வயது மகனுக்குக் காலை எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல். தூசுப் பூச்சி ஒவ்வாமை என்றார் மருத்துவர். இந்தப் பூச்சிகள் கடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கின்றன. ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அவற்றின் எச்சம். அவை தண்ணீர் தேடி எங்கும் போவதும் கிடையாது, காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளைக்காக சோபாவைக் கழுவலாம் என்று தோழி ஆள் கூப்பிட்டாள். வெள்ளி மாலை வந்தார்கள், முக்கால் மணி நேரத்தில் முடித்துப் போனார்கள். வெளியே மழை, சன்னல்கள் மூடியிருந்தன. திங்கட்கிழமை வீடு முழுக்க நனைந்த பள்ளிக் காலணி வாடை. பையனின் தும்மல் குறையவில்லை, கூடியது. கடைசியில் உள்ளே இருந்த ஃபோமையே மாற்ற வேண்டியதாயிற்று. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது கிடைத்த பதில்: "ஏர்கான் போட்டு விட்டிருக்கணும் மேடம்." அதைப் போகும்போது சொல்லியிருக்கலாம்.

ஆகவே பணம் பேசுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் காற்றூதி வைத்துக் காயவைப்பீர்களா? எத்தனை மணி நேரத்தில் உட்காரலாம்? கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பீர்களா? மூன்றுக்கும் மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், முழுப் பகல் கிடைக்கும். அவர்கள் போனபின் இருக்கை மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, ஏர்கானில் 'டிரை' பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பொத்தான் எதற்கு என்று பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. இதற்குத்தான்.

ஆள் வருவதற்கு முன் மெத்தையைத் தூக்கி அடியில் இருக்கும் துணிச்சீட்டையும் பாருங்கள். பல சோபாக்களில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் கலந்த சவர்க்காரம் தாங்கும். 'எஸ்' என்றால் தண்ணீர் ஆகாது, உலர்சலவைத் திரவம் மட்டும்தான். அதில் தண்ணீர் விட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் சரி. 'எக்ஸ்' என்றால் தூசு உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உறையில் ஜிப் இருக்கிறதே, கழற்றித் துவைப்போம் என்று நினைக்க வேண்டாம். பல சோபாக்களில் அந்த ஜிப் ஃபோமை உள்ளே திணிப்பதற்காக வைத்தது. துவைத்தால் உறை சுருங்கும், பிறகு மாட்ட முடியாது.

இனி நம் வீடுகளுக்கே உரிய கறை, மஞ்சள். குழம்பு சிந்தியதும் ஓடிப்போய் சவர்க்காரத்தூள் போட்டுத் தேய்ப்போம். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகும். சோபா போச்சு என்று பதறுவோம். பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா, அதே கதைதான். சுண்ணாம்பைப் போல சவர்க்காரத்தூளுக்கும் காரத்தன்மை உண்டு. தண்ணீர் தாங்கும் துணியாக இருந்தால், தண்ணீரில் கலந்த கொஞ்சம் வெள்ளை வினிகரை ஒற்றியெடுக்க சிவப்பு மீண்டும் மஞ்சளாகும். மிச்ச மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. அந்த நிறம் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது, மெத்தையைச் சன்னலோரம் வைத்தால் போதும். சோபாவின் சொந்தச் சாயமும் வெளுக்கலாம் என்பதால் அடிக்கடி எட்டிப் பாருங்கள். பால், முட்டை, ரத்தம் என்றால் குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீர் கறையை வேகவைத்துப் பதித்துவிடும். எதுவானாலும் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

தோழி வீட்டில் ஃபோம் மாற்றியபோது உறையும் மாறியது, வெளிர் சாம்பல் நிறத்துக்கு. அதன்பின் அங்கே போனபோதுதான் கவனித்தேன். அவளுடைய அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், சுவரோரம் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "சோபாவுக்கு வாங்கம்மா" என்றேன். "வேணாம்மா, தலையில எண்ணெய். ஒட்டிக்கும்." தோழி ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் கோபமாக இல்லை. அவர் அதையே சட்டமாக எடுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரருக்கு மரநாற்காலி, யாருமில்லாத மூன்று இருக்கை சோபா.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. ஆண்கள் தலையில் மக்காசர் எண்ணெய் பூசிக்கொண்டார்கள். மக்காசர் நமக்குப் பக்கத்தில், இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் இருக்கும் துறைமுகம்; எண்ணெய்க்கு அந்தப் பெயர்தான். நாற்காலி முதுகெல்லாம் கறை. அதற்காக அங்கே யாரையும் மரநாற்காலிக்கு மாற்றவில்லை. நாற்காலி முதுகில் துவைக்கக்கூடிய துணி ஒன்றைப் போட்டார்கள். அதற்கு 'ஆன்டி மக்காசர்' என்றே பெயரும் வைத்தார்கள். விமான இருக்கையின் தலைமாட்டில் இன்றும் அந்தத் துணியைப் பார்க்கலாம்.

இதைத் தோழியிடம் சொன்னேன். அன்றிரவே அப்பாவின் பழைய பருத்தி வேட்டியை நான்காகக் கிழித்து ஓரம் அடித்துவிட்டாள். இரண்டு நாளுக்கு ஒன்று மாற்றுகிறார்கள். எப்போதாவது விலகி எண்ணெய் பட்டுவிட்டால், காய்ந்த துணியில் சோளமாவைத் தூவி, சில மணி நேரம் கழித்து உறிஞ்சி எடுக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அது கேட்கிறது. அம்மா இப்போது சோபாவின் நடு இருக்கையில், பேரன் அவர் மடியில். சீரியல் நேரத்தில் நான் போனால் மரநாற்காலி எனக்குத்தான்.