படிக்கட்டில் எழுதிய தேர்வு

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில், பூப்பெய்திச் சில நாள்களே ஆன எட்டாம் வகுப்புத் தலித் மாணவி ஒருவர், வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வு எழுதினார். காணொளி பரவிய பின்னரே பள்ளியின் முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவானது. பெற்றோர் கேட்டதால்தான் தனியே அமர்த்தினோம் என்றது பள்ளித் தரப்பு.

அவ்விளக்கம் பொய்யோ மெய்யோ, நம்மைக் கூசச் செய்கிறது. குச்சு கட்டி, தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து மகளை ஒதுக்கும் வழக்கம் நம் தெருக்களிலும் உண்டு. பிறப்பின் பெயரால் வரும் தீண்டாமையைத் தெருவில் எதிர்க்கும் நாம், உதிரத்தின் பெயரால் வரும் தீண்டாமையை வீட்டுக்குள் சடங்கு என்கிறோம். எனினும், தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு, வீட்டு வழக்கத்தைக் காட்டித் தப்பப் பள்ளிக்கு இடம் தரவில்லை.

ஒரு சிறுமி பருவமடைந்தால் சாதி ஏன் இத்தனை பதற்றம் கொள்கிறது? 1916ஆம் ஆண்டுக் கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இதற்கு விடை தந்துவிட்டார்: அகமண முறையே சாதியின் உயிர், உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் சிறுமியர் மணமும் அதைக் காக்க வந்த ஏற்பாடுகள். பூப்பு நாளிலிருந்து அவள் உடல் குலத்தின் சொத்தாகிறது.

ஆண்பிள்ளைகளைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். குரல் உடைந்து, மீசை அரும்பி, மனம் காரணமின்றிக் கலங்கும் வயதில் தலித் சிறுவன் தன் தாயிடம் கேட்கும் முதல் அறிவுரை, அந்தத் தெருப் பெண்ணை ஏறிட்டுப் பார்க்காதே என்பதுதான். அவள் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆதிக்க சாதிச் சிறுவனுக்கோ அதே வயதில் கையில் வண்ணக் கயிறு கட்டிக் காவல் வேலை தரப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியோர் சக மாணவர்களே. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிறு கட்டிய மனத்தோடு பேசுவது யார்?

சட்டமும் இங்கே இருமுனைக் கத்திதான். போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாதவரின் இசைவுக்கு மதிப்பில்லை. 2019 திருத்தத்துக்குப் பின் ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழ் எனில் 20 ஆண்டு. 16 வயது நிறைந்த சிறுவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என ஆராயச் சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வழிவிடுகிறது. நம் சிறுமிகள் மீதான வன்முறைக்கு எதிராக நாம் ஏந்தும் அதே சட்டத்தை, காதலைக் கண்டு வெகுண்ட குடும்பமும் ஏந்துகிறது. வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, ஒரு வழக்கை ரத்து செய்தது. ரத்தாகும் வரை பையனின் படிப்பும் உறக்கமும் என்னவாயின என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை.

10 முதல் 19 வயதினருக்காக 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தில் மனநலமும் அடங்கும். அதன் பெயரால் பள்ளிக்கு வரும் ஆலோசகர் நாப்கின், சுரப்பிகள், தேர்வு பயம் ஆகியவற்றைப் பேசுகிறார். சாதி பற்றியும் போக்சோ பற்றியும் மாணவர்களிடம் பேச அவருக்குப் பயிற்சி வேண்டும். மாணவி வெளியே அமர்த்தப்பட்டால் தலைமையாசிரியரைக் கடந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதும் அதிகாரமும் வேண்டும். இவ்விரண்டையும் பள்ளிக் கல்வித் துறையிடம் கோருகிறோம்.