பழைய சைக்கிளை இரும்புக்குப் போடாதீர்கள்



2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தபோது எல்லோரும் பழைய சைக்கிளைத் தேடி ஓடினோம். இன்று அதே சைக்கிளைக் கறள் பிடித்துவிட்டதென்று பழைய இரும்புக்கு நிறுத்துப் போடுகிறோம். பிள்ளைக்குத் தவணைக் கடனில் புதியது! வீண்விரயம் பற்றிய ஜும்ஆ பயானுக்கு மட்டும் நன்றாகத் தலையாட்டுகிறோம்.

வாவிப் பக்கத்து உப்புக் காற்றுக்கு இரும்பு கறள் பிடிக்கத்தான் செய்யும். குழாய் ஓட்டையாகாமல், பொருத்துகள் வெடிக்காமல் இருந்தால் சைக்கிள் இன்னும் ஓடும். எல்லாவற்றையும் கழற்றி, கறள் போகத் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உடனே ரெட் ஒக்சைட் பூசுங்கள். அது காய்ந்ததும் எனாமல் மெல்லியதாக இரண்டு தரம். கறளுக்கு மேலேயே பூசுவது ஏமாற்று வேலை. உள்ளே அது தின்றுகொண்டே இருக்கும்.

ஒன்று கவனம். பெயின்ட்டில் ஈயத்துக்கான சட்டக் கட்டுப்பாடு இங்கு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட்டின் தூசு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கலாம். ஆகவே தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைத் தூர வையுங்கள், கழிவை வாவியில் கொட்டாதீர்கள்.

இரண்டு நாள் வேலைக்குச் சோம்பி மாதக்கணக்கில் கடன் கட்டுவது கௌரவமா?