பாரம் அறிந்து புறப்படுதல்

எக்கருமத்திற்கும் உரிய ஆயத்தம் இருவகைப்படும். வேண்டியவற்றைச் சேர்த்தல் ஒன்று. வேண்டாதவற்றை விலக்கல் மற்றொன்று. முன்னது இன்பம் பயப்பதாதலின் எளிதில் நிகழ்கின்றது. பின்னது சிந்தனையையும் மன அடக்கத்தையும் வேண்டுவதாதலின் அரிதாகவே நிகழ்கின்றது. காடும் மேடும் கடக்க வல்ல மோட்டார் வண்டியின் பின்னே டிரெய்லர் என்னும் பின்வண்டியைப் பூட்டி நெடுந்தூரம் செல்வோரிடத்து இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

இத்தகைய பிரயாணத்திற்குப் பெயர்பெற்ற நாடு ஆஸ்திரேலியா. அந்நாட்டின் தென்கரையிலுள்ள போர்ட் அகஸ்டாவிலிருந்து வடகரையிலுள்ள டார்வினுக்குச் செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுடையது. வடமேற்கிலுள்ள கிப் ஆற்றுச் சாலையோ ஏறத்தாழ 660 கிலோமீட்டர். பெரும்பாலும் சரளை மண். அக்கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காக மோட்டார் வண்டியிற் கடக்க ஹென்றி டட்டன், மர்ரே ஆங்கர் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டில் முயன்று, இடைவழியில் வண்டியைக் கைவிட்டுத் திரும்ப நேர்ந்தது. 1908ஆம் ஆண்டில் மீண்டும் புறப்பட்டு வெற்றி கண்டனர். ஆங்கே பாதை எவர்க்கும் சலுகை காட்டுவதில்லை.

இக்காலத்தில் அவ்வழியே செல்ல விரும்புவோர் யாது செய்கின்றனர்? வண்டியின் முகப்பில் இரும்புத் தடுப்பு, சேற்றினின்று மீட்கும் கம்பிவடப் பொறி, கூரைமேற் சட்டம், இரண்டாம் எண்ணெய்த் தொட்டி, குளிர்ப்பெட்டி, மேலதிக மின்கலம் என ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் பொருத்துகின்றனர். இதுவே ஆயத்தம் என்பது அவர்தம் எண்ணம். எம்முடைய கருத்தோ வேறு. முதலாவதாகத் தேட வேண்டிய பொருள் எடைமேடையில் நிறுத்துப் பெற்ற சீட்டேயாம்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு வண்டி 3,500 கிலோகிராம் எடையுள்ள பின்வண்டியை இழுக்க வல்லது என்று விற்போர் கூறுகின்றனர். வண்டியின் வெறும் எடை 2,300. சுமையோடு அது இருக்கத்தக்க உச்ச எடை 3,000. ஆகவே ஏற்றத்தக்கது 700. பின்வண்டி தன் எடையிற் பத்தில் ஒரு பங்கை, அதாவது 350 கிலோகிராமைக் கொக்கியின்மேல் அழுத்துவது அங்கே வழக்கமான கணக்கு. அவ்வழுத்தமும் முன்வண்டியின் சுமையே. எஞ்சுவது 350. நால்வர் அமர்ந்தால் 300 கழிந்து 50 கிலோகிராமே மிஞ்சும். இரும்புத் தடுப்பும் கூரைச் சட்டமும் எங்கே அடங்கும்? மேலும், இரு வண்டிகளும் சேர்ந்து இருக்கத்தக்க எடை 6,000 என வரையறுக்கப்பட்டிருப்பின், முன்வண்டி 3,000மும் பின்வண்டிச் சக்கரங்கள் தாங்கும் 3,150மும் கூடி 6,150 ஆகி எல்லையைக் கடந்துவிடும். தனித்தனியே நோக்கின் குற்றமில்லை; கூட்டி நோக்கினாற்றான் குற்றம் புலப்படும்.

கொக்கி பின்னச்சுக்கு அப்பால் இருத்தலின் துலாக்கோலின் விதியும் இங்கே வந்து சேருகின்றது. அச்சுகளுக்கிடையே 3 மீட்டரும், பின்னச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டரும் இருப்பின், 350 கிலோகிராம் அழுத்தம் பின்னச்சின்மேல் 490 ஆகப் பெருகும். முன்னச்சினின்று 140 கிலோகிராமை நீக்கிவிடும். திருப்புகின்ற சக்கரங்களே நிலத்தில் ஊன்றும் வலிமை குன்றினால் அபாயம் சொல்லவும் வேண்டுமோ? இதற்குப் பரிகாரமாகப் பின் ஸ்பிரிங்குகளிற் காற்றுப்பைகளை வைத்து வண்டியை உயர்த்துவோர் பலர். தாழ்ந்த வண்டி நிமிர்ந்து தோன்றுமேயன்றிப் பாரம் ஓர் அணுவும் குறையாது. அளவு மீறிய சுமையால் அடிச்சட்டமே வளைந்த வண்டிகளும் உண்டு.

பாரம் எவ்வளவு என்பதோடு அஃது எவ்விடத்தது என்பதும் அறியத்தக்கது. நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று வகுத்து, நுகம் மாடுகளின் கழுத்தை நெரிக்காமலும் மேலெழாமலும் மூட்டைகளை நகர்த்தி வைக்கும் நுட்பம் யாவரும் அறிந்ததே. அந்நுட்பமே இங்கும் வேண்டும். பின்வண்டியின் வாற்பகுதியிற் சுமை மிகுந்தால் அது வேகத்தில் மீனின் வாலைப்போல் இருபுறமும் வீசத் தொடங்கும். வேகம் மிக மிக வீச்சும் மிகும். அந்நிலையில் முன்வண்டியின் பிரேக்கைச் சடுதியில் அழுத்துதல் கேட்டை விளைக்கும். வேகத்தைத் தானே தணியவிட்டுப் பின்வண்டியின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குதலே முறை. அதற்குரிய மின்கருவி ஓட்டுவோன் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். 2,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட பின்வண்டியின் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கு வேண்டும் என்பதும், இணைப்பு அறுந்தால் அது தானே நிற்க வேண்டும் என்பதும் ஆஸ்திரேலிய விதி.

“கங்காரு குறுக்கிடும் நாட்டில் இரும்புத் தடுப்பின்றிச் செல்வதெப்படி? நீரின்றிப் பாலையைக் கடப்பதெப்படி?” என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நீர் இன்றியமையாதது, ஆயினும் 100 லிட்டர் நீர் 100 கிலோகிராம் என்பதை மறத்தலாகாது. அதனைப் பின்வண்டியின் அச்சுக்கு நேராக வைத்து, அதற்கு ஈடாகப் பிறிதொன்றை இறக்குக. கங்காருவுக்கு அஞ்சுவோர் அந்தியிலும் இரவிலும் ஓட்டாதிருத்தல் எடையில்லாத காவலாகும். இரு வண்டிகளுக்கும் ஒரே அளவான சக்கரங்களை அமைத்தால் மாற்றுச் சக்கரங்களின் தொகை குறையும். கியர்ப் பெட்டியின் எண்ணெய் கொதியாதபடி குளிர்விக்கும் கருவி, பின்வண்டிப் பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ், அலையலையாய்த் திரைத்த பாதையில் டயரின் காற்றையும் வேகத்தையும் ஒருங்கே குறைத்தல் ஆகிய இவை சிறு எடையிற் பெரும் பயன் தருவன.

எல்லை மீறிய வண்டியால் வரும் கேடு அதனை ஓட்டுவோனோடு நில்லாது. எதிரே வருவோர், தம் குழந்தைகளோடு, அவ்வண்டியின் எடையை அறியாமலே அவன் கணக்கை நம்பி வருகின்றனர். ஆகலின் எடைமேடை ஏறுதல் வெறும் சாமர்த்தியமன்று. அயலார்க்குச் செலுத்தும் கடமையாம். விற்போர் சொல்லும் பேரெண்ணைக் கேட்டு மகிழாது, தம் வண்டியின் சிறு எண்களைத் தாமே கூட்டிப் பார்ப்பவரே புறப்படுதற்குத் தகுதியுடையார்.